‘பவுல்’ங்கற மேட்ச்ல அக்கா மகன் ஆடணுமா, கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வரணுமா? அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தூத்தூர்_ஸ்டாப்பர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் தூத்தூர் பக்கத்துக் கடப்புறத்துக்காரன். வயசு 46. காலேஜ் டீமுக்கும் பொறவு யூனிவர்சிட்டி டீமுக்கும் தடுப்பு ஆட்டக்காரனா (ஸ்டாப்பர் பேக்) ஆடினவன். இப்ப போட்டுக்கு எஞ்சின் வேலை பாக்கேன். நான் கேக்கப்போறது நம்ம பந்தைப் பத்தி இல்ல. அமெரிக்கக்காரங்க கையில அணைச்சுட்டு ஓடுற ஃபுட்பாலைப் பத்தி.

எங்க அக்கா குடும்பம் அமெரிக்காவுல தெக்கு மாநிலம் ஒண்ணுல இருக்கு. என் மருமகன் ஒன்பது வயசு வரைக்கும் இந்த மணல்லதான் என்கூட பந்து தட்டினான். அங்க போய் ஹைஸ்கூல்ல சாக்கர் ஆடிட்டு இருந்தவன், ஒரு நாள் கார்னர் கிக் எடுக்கறதைப் பாத்து ஃபுட்பால் கோச் கூப்பிட்டு கிக்கர் ஆக்கிட்டாரு. கிக்கர்னா பந்தோட ஓடுறவன் இல்ல. ஒருத்தன் குனிஞ்சு கால் இடுக்கு வழியா பந்தைப் பின்னால எறிவான். ஏழு கெஜம் பின்னால முட்டுப் போட்டிருக்கறவன் அதைப் பிடிச்சுத் தரையில நிறுத்துவான். இவன் ஓடி வந்து அடிக்கணும். எறிஞ்சதுல இருந்து அடிக்கறது வரைக்கும் ஒண்ணேகால் செகண்டுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பந்து பதினெட்டரை அடி அகலத்துல நிக்கற ரெண்டு கம்பத்துக்கு நடுவுல, பத்தடி உயரத்துல கிடக்கற குறுக்குக் கம்பிக்கு மேல போகணும். போனா 3 பாயிண்ட். நான் வீடியோவுல பாத்து இதெல்லாம் படிச்சேன். நம்ம ஊருல கம்பிக்கு மேல அடிச்சா கூவுவாங்க, அங்க கைதட்டுறாங்க.

பையன் நாலு வருசமா ஒரு காலேஜ் டீம்ல இருக்கான். ஸ்காலர்ஷிப் கிடையாது. வாக்-ஆன்னு சொல்றாங்க, தானா கேட்டு, செலக்சன்ல நின்னு உள்ள போன ஆளு. முதல் கிக்கர் வேற ஒருத்தன். இவன் நாலு வருசத்துல ஒரு மேட்ச்ல கூட ஒரு பந்து அடிச்சதில்ல. ஜெர்சி போட்டு கோட்டுக்கு வெளிய நிப்பான், அங்கயே ஒரு வலை கட்டி வச்சிருக்கும், அதுல அடிச்சுப் பழகுவான். மேட்ச் முடிஞ்சா ஜெர்சியில ஒரு அழுக்கு இருக்காது. அக்கா துவைக்கறப்ப அதைச் சொல்லி வருத்தப்படுவா.

இந்த வருசம் டீம் 12 மேட்ச்ல 6 ஜெயிச்சது. ஆறு ஜெயிச்சா பவுல் மேட்சுக்குத் தகுதியாம். டிசம்பர் 27 ராத்திரி ஆட அழைப்பு வந்திருக்கு. ஹெட் கோச் வேற காலேஜுக்குப் போயாச்சு. முதல் கிக்கரும் டீம் மாறப்போறேன்னு விலகிட்டான். அப்ப அடிக்க வேண்டியது என் மருமகன்தான்.

ஆனா 21ஆம் தேதி மூணு பேருக்கும் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போட்டது போட்டதுதான். 23ஆம் தேதி எங்க அம்மைக்கு 80 நிறையுது. பங்குல நன்றிப் பூசை சொல்லியாச்சு, பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. பேரன் வந்து ஆறு வருசம் ஆகுது.

அத்தான் ஒரே பிடியா நிக்காரு. "ஆறு ஜெயிச்சு ஆறு தோத்த டீமு. கோச்சே போயிட்டான். ஜெயிச்சாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல, தோத்தாலும் ஒண்ணும் இல்ல. இதுக்காக அம்மச்சி பிறந்தநாளை விடுவியா?"ங்காரு. பையன் எதுத்துப் பேசல. போன்ல என்னட்ட மட்டும், "மாமா, ஒரு தடவை அடிச்சுப் பாக்கணும்"னான். அக்கா, "நீ தாய்மாமன், பந்தும் ஆடினவன், நீயே சொல்லு"ன்னு என் தலையில வச்சுட்டா.

எனக்கு இந்த பவுல் மேட்ச்னா என்னன்னே பிடிபடல. ஃபைனலா? செமியா? நம்ம ஊரு டோர்னமெண்ட்ல செமியில தோத்த ரெண்டு டீமும் ஆடுற லூசர்ஸ் ஃபைனல் மாதிரியா? அந்த மேட்சுக்கு ஒரு மதிப்பு உண்டுன்னா நான் அத்தான்கிட்ட நின்னு பேசுவேன். இல்லேன்னா பையன்கிட்ட நேரா சொல்லிடுவேன். தெரிஞ்சவங்க மறைக்காம சொல்லுங்க.

ஹூஸ்டன்_வடசேரி:

அண்ணே, நான் வடசேரி. ஹூஸ்டன் வந்து 14 வருசம். செப்டம்பர்ல இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலேஜ் ஃபுட்பால் பாக்கறவன், அதனால விளையாட்டு மேல வெறுப்புல சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. பையனை 21ஆம் தேதி பிளைட்ல ஏத்தச் சொல்லுங்க.

பவுல்னா சீசன் முடிஞ்சதும் ஆடுற தனி மேட்ச். கோப்பை உண்டு. ஆனா அது வேற எங்கயும் கூட்டிட்டுப் போற கோப்பை இல்ல. நாட்டு சாம்பியன் யாருன்னு முடிவு பண்றது பிளேஆஃப். 2014 சீசன்ல 4 டீமோட தொடங்கினாங்க, 2024ல 12 ஆக்கிட்டாங்க. ரோஸ், சுகர், ஆரஞ்ச், காட்டன், ஃபியஸ்டா, பீச்னு பேர் பெற்ற ஆறு பவுலும் இப்ப அந்த பிளேஆஃப்போட கால் இறுதி, அரை இறுதி. மத்த முப்பது சொச்சம் பவுலும் ஒரு நாள் மேட்ச், அதோட சரி. லூசர்ஸ் ஃபைனல்னு கூட சொல்ல முடியாது, அதுல மூணாம் இடமாவது கிடைக்கும்.

அப்ப எதுக்கு நடத்துறாங்கன்னா டிவிக்கு. கிறிஸ்மஸ் லீவுல ஜனங்க வீட்டுல இருக்கும், விளம்பரம் ஓடும். பல பவுல்களை ஈஎஸ்பிஎன் சேனலோட ஒரு பிரிவேதான் நடத்துது. பேர்களைப் பாருங்க. பாப்-டார்ட்ஸ் பவுல், மயோனைஸ் பேர்ல ஒண்ணு, ஐடஹோ உருளைக்கிழங்கு பேர்ல ஒண்ணு. காலேஜுக்குக் காசு கொட்டுதுன்னும் நினைக்காதீங்க. 2011 ஜனவரியில கனெக்டிகட் டீம் ஃபியஸ்டா பவுலுக்குப் போச்சு, 17,500 டிக்கெட்டை அவங்களே வாங்கிக்கணும்னு ஒப்பந்தம். விக்கல. மேட்சும் தோத்து, 15 லட்சம் டாலருக்கு மேல கைக்காசு போச்சு. அது பெரிய பவுல்.

அடுத்தது ஆட்டக்காரங்களே மதிக்கறதில்ல. 2016 சீசன்ல லியோனார்ட் ஃபூர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ரெண்டு பேரும் பவுல் ஆட மாட்டோம், என்எஃப்எல் டிராஃப்ட்டுக்கு (காசு குடுத்து ஆடவைக்கற லீக்குக்கு ஆள் எடுக்கறது) உடம்பைப் பாத்துக்கறோம்னு ஒதுங்கினாங்க. காரணம் இருக்கு. 2016 ஜனவரி 1 அன்னிக்கு நோட்ரே டேம் டீமோட ஜெய்லன் ஸ்மித், முதல் அஞ்சு பேர்ல ஒருத்தனா போக வேண்டியவன், ஃபியஸ்டா பவுல்ல முழங்கால் போய் ரெண்டாவது ரவுண்டுக்கு விழுந்தான். அதைப் பாத்த எவன் ஆடுவான்? 2023ல ஃபுளோரிடா ஸ்டேட் 13 மேட்ச்ல 13 ஜெயிச்சும் பிளேஆஃப்ல சேர்க்கல. ஆரஞ்ச் பவுலுக்கு அனுப்பினாங்க. அவங்க ஆட்டக்காரங்க இருபது பேருக்கு மேல ஆடாம ஒதுங்கிட்டாங்க. ஜார்ஜியா 63, இவங்க 3. அந்த மேட்சை உக்காந்து முழுசாப் பாத்தேன், மனசு கேக்கல. இந்த 2025 டிசம்பர்ல நோட்ரே டேம் 10 ஜெயிச்சு பிளேஆஃப் கிடைக்கலேன்னதும் பவுலே வேண்டாம்னுட்டாங்க. பெரிய டீமே வேண்டாம்ங்கற மேட்சுக்கு ஏன் ஒரு பேரன் வீட்டு விசேஷத்தை விடணும்?

நான் 2016 டிசம்பர்ல ஆபீஸ் வேலைன்னு சொல்லி ஊர்ப் பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளினேன். பிப்ரவரியில எங்க ஆச்சி போயிட்டா. அந்த வேலை என்ன வேலைன்னு இப்ப எனக்கு ஞாபகம் கூட இல்ல. அதான் சொல்றேன்.

ஓய்வுபெற்ற_பிடி:

தம்பி தூத்தூர், நான் நாகர்கோவிலில் 31 ஆண்டு கல்லூரி உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேரை அண்ணா ஸ்டேடியத்தில் ஆடவிட்டுப் பார்த்திருக்கிறேன். என் மகள் கலிபோர்னியாவில் பாசடீனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். இரண்டு முறை புத்தாண்டுக்கு அங்கே இருந்ததால் இந்த பவுல் ஆட்டங்களைப் பற்றித் தேடிப் படிக்கும் ஆர்வம் வந்தது. வடசேரித் தம்பி சொன்ன விவரம் எதையும் நான் மறுக்கவில்லை. அவர் முடிவைத்தான் மறுக்கிறேன்.

பவுல் என்பது இறுதிப் போட்டியாகப் பிறந்ததே இல்லை. பாசடீனாவில் 1890 முதல் ஜனவரி 1 அன்று பூ ஊர்வலம் நடக்கிறது. அமெரிக்காவின் மற்ற பகுதிகள் பனியில் கிடக்கும்போது எங்களிடம் ரோஜா பூக்கிறது பாருங்கள் என்று காட்டுவதற்காக ஆரம்பித்தது. கொலராடோ பூலவார்டு ஓரத்தில் விடியற்காலை குளிரில் நின்று நானே பார்த்தேன். தேரின் வெளியே தெரியும் இடமெல்லாம் பூ, இலை, விதை, பட்டை என்று இயற்கைப் பொருளால்தான் மூடியிருக்க வேண்டும். நம் தோவாளைக்காரர்கள் நான்கு பேரை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஊர்வலத்துக்குச் செலவு அதிகம். அதற்காக 1902இல் ஒரு ஃபுட்பால் ஆட்டம் சேர்த்தார்கள். மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. இன்னும் எட்டு நிமிடம் இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு போதும் என்று நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டுகளில் ஃபுட்பாலை விட்டுவிட்டு ரதப் பந்தயம் கூட நடத்தினார்கள். 1916இல்தான் ஃபுட்பால் திரும்பி வந்தது. அதைப் பார்த்து மயாமியும் நியூ ஆர்லியன்ஸும் 1935இலும், டல்லாஸ் 1937இலும் தங்கள் ஊருக்கு ஒன்று வைத்துக்கொண்டன. ஆக, அது தொடக்கத்திலிருந்தே ஊர்த் திருவிழா ஆட்டம். திருவிழா ஆட்டத்தைப் புள்ளிப் பட்டியலை வைத்து அளந்தால் பூஜ்யம்தான் வரும். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு யாரும் புள்ளி வாங்கப் போவதில்லையே.

மதிப்பில்லாத ஆட்டமாக இருந்தால் அதற்காக யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். 1951இல் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி 9 ஆட்டத்தில் 9 வெற்றி. அணியில் ஆலி மாட்சன், பர்ல் டோலர் என்று இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள். அவர்களை விட்டுவிட்டு வந்தால் பவுல் உண்டு என்றார்கள். அணி முழுவதும் ஒரே வார்த்தையாக வரமாட்டோம் என்றது. பவுல் கிடைக்கவில்லை, அந்தப் பருவத்தோடு பணமில்லாமல் அணியே கலைக்கப்பட்டது. 1956 ஜனவரி 2 அன்று சுகர் பவுல். பிட்ஸ்பர்க் அணியில் பாபி கிரியர் என்ற கறுப்பின ஆட்டக்காரர் இருக்கிறார், அதனால் ஜார்ஜியா டெக் அணி ஆடக்கூடாது என்று ஜார்ஜியா கவர்னர் மார்வின் கிரிஃபின் தடுக்கப் பார்த்தார். ஜார்ஜியா டெக் மாணவர்களே தெருவில் இறங்கிக் கவர்னரின் கொடும்பாவியை எரித்தார்கள். ஆட்டம் நடந்தது. சுகர் பவுலில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார் கிரியர். பிட்ஸ்பர்க் 7-0 என்று தோற்றது, ஆனால் அந்த ஆட்டத்தை இன்றும் அவர் பெயரால்தான் நினைக்கிறார்கள். (நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே 1956 நவம்பரில்தான். அந்த வருடத்தை எப்போது படித்தாலும் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.)

நட்சத்திரங்கள் ஒதுங்குகிறார்கள் என்றார் தம்பி. ஒதுங்கட்டும், கோடிக்கணக்கில் சம்பளம் காத்திருக்கும் பிள்ளை தன் முழங்காலைக் காப்பது நியாயம். ஆனால் அவன் ஒதுங்கும்போது அந்த இடம் காலியாகவா கிடக்கிறது? பெஞ்சில் இருந்தவன் உள்ளே வருகிறான். பவுலுக்குப் போகிற அணிக்கு ஏறத்தாழ 15 நாள் கூடுதல் பயிற்சி கிடைக்கிறது, அதன் பலன் பெரும்பாலும் இரண்டாம் வரிசைப் பிள்ளைகளுக்குத்தான். உங்கள் மருமகனைப் போன்றவர்களுக்கு அந்த ஆட்டம் மட்டுமே இருக்கிறது. இன்னொன்று, 12 அணி பிளேஆஃப் என்றால் 11 அணியின் பருவம் தோல்வியில் முடிகிறது. பவுலில் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் ஜெயித்த கையோடு வீட்டுக்குப் போகிறார்கள். இருபது வயதுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு ரிசர்வ் கோல்கீப்பர் இருந்தான், குளச்சல் பையன். மூன்று வருடம் எல்லாப் பயிற்சிக்கும் விடியற்காலை ஐந்தரைக்கு வந்துவிடுவான். பந்து மூட்டையை அவன்தான் தூக்குவான். மூன்றாம் வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் இரண்டு ஆட்டமும் தோற்று நாங்கள் வெளியே. கடைசி ஆட்டம் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். அவன் கையுறையைப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றான், வாய் திறந்து கேட்கவில்லை. நான் அவனை இறக்கவில்லை. கல்லூரிக்கு இன்னொரு தோல்வி வேண்டாம் என்று நினைத்தேன். அந்த ஆட்டத்தை ஜெயித்தோம், 2-1. அந்த வெற்றி எந்த ரெஜிஸ்டரிலும் யார் நினைவிலும் இல்லை. அந்தப் பையன் இன்று ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று "சார்" என்கிறான். எனக்குத்தான் அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

உங்கள் மருமகன் உள்ளே போய் அடிக்கட்டும்.

முளகுமூட்டுக்காரி:

சார் எழுதினதைப் படிச்சு கண்ணு நிறைஞ்சிடுச்சு. எங்க மக அமெரிக்காவுல காலேஜ் பேண்டுல க்ளாரினெட் வாசிக்கா. அவங்க டீம் போன வருசம் ஒரு சின்ன பவுலுக்குப் போச்சு, பதினாலு மணி நேரம் பஸ். ஸ்டேடியத்துல பாதி சீட்டு காலி, மழை வேற. வடசேரி தம்பி சொல்ற மாதிரியான மேட்ச்தான். ஆனா கடைசி வருசப் பிள்ளைங்க அம்புட்டு பேரும் மேட்ச் முடிஞ்சும் எழும்பாம, மழையில நனைஞ்சுட்டே காலேஜ் பாட்டை மூணு தடவை வாசிச்சிருக்காங்க. இனி அந்த யூனிஃபார்மை திருப்பிக் குடுக்கணும் பாருங்க. அவ அனுப்பின வீடியோ இப்பவும் என் போன்ல இருக்கு.

அண்ணே, ரெண்டு காரியம் கேளுங்க. ஒண்ணு, இப்ப பொறுப்புல இருக்கற கோச் பையன்தான் அடிப்பான்னு வாயால சொல்லியிருக்காரா? அதைப் பையனே நேரா போய் கேக்கட்டும். டிக்கெட்டை மாத்திட்டு அங்கயும் வலையில அடிச்சுட்டு நின்னா தாங்க மாட்டான்.

ரெண்டாவது, அத்தான்கிட்ட கேட்டீங்க, அக்காகிட்ட கேட்டீங்க, எங்ககிட்ட கேக்கீங்க. 80 வயசு நிறையறது அம்மச்சிக்கு. அவங்ககிட்ட யாராவது கேட்டீங்களா?

தூத்தூர்_ஸ்டாப்பர்:

முளகுமூட்டு அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சதும் போனைக் கீழ வச்சுட்டு அம்மை வீட்டுக்கு நடந்து போனேன். கேக்கணும்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல.

அதுக்கு முன்ன வடசேரி தம்பிக்கு ஒரு வார்த்தை. ஆச்சி விஷயம் மனசுல தச்சுது. முழங்கால் விஷயமும் எனக்குத் தெரியும். எங்க பக்கத்து இரவிபுத்தன்துறை சூசைராஜ், இந்தத் துறையில இருந்து ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்) வரைக்கும் போய் கப்பும் ஜெயிச்ச ஆளு. 2020 நவம்பர் 20, சீசனோட முதல் மேட்ச், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரா ஆடத் தொடங்கின கொஞ்ச நேரத்துல முழங்கால் போச்சு, சீசன் முழுக்க போச்சு. அன்னிக்கு எங்க எட்டு ஊர்லயும் சாவு வீடு மாதிரி இருந்தது. அது மதிப்புள்ள மேட்ச்தான். காயம் மேட்சோட மதிப்பைப் பாத்து வர்றதில்ல. பொறவு, கிக்கர் மேல மோதினாலே எதிர் டீமுக்கு அபராதமாம், அதனால அந்தப் பயம் இவனுக்குக் குறைவு. டிராஃப்டும் கிடையாது. ஜூன்ல சிவில் எஞ்சினியர் வேலைக்குப் போறவன்.

அம்மை சாளை வெட்டிட்டு இருந்தா. எல்லாத்தையும் சொன்னேன். கத்தியைக் கீழ வைக்காமலே, "ஓகி புயலுக்கு மறு வருசம் கிறிஸ்மஸுக்கு மறுநாள் நீங்க களிச்சீங்களே, அது மாதிரி களியா?"ன்னு கேட்டா. களின்னா எங்க பக்கத்துல ஆட்டம்.

இதை இங்க எழுதணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எங்க ஊர்ல கிறிஸ்மஸுக்கு மறுநாள் சாயங்காலம் ஒரு மேட்ச் உண்டு. கல்யாணம் ஆனவங்க ஒரு பக்கம், ஆகாதவங்க ஒரு பக்கம். பரிசு ஒரு வாழைக்குலை, அதையும் எல்லாரும் சேந்து தின்னுடுவோம். 2017 நவம்பர் 29 ராத்திரி ஓகி வந்தது. ஆழ்கடலுக்குப் போன எங்க ஆளுங்க பல பேரு திரும்பி வரல. அந்த டிசம்பர்ல குடில் கட்டல, ஸ்டார் தொங்கவிடல, பந்து மணல்ல உருளல. அடுத்த வருசம் களிக்கலாமா வேண்டாமான்னு பங்குல பெரிய பேச்சு. கடைசியில இறங்கினோம். கல்யாணம் ஆனவங்க பக்கம் பதினொண்ணு பேருக்கு ஆளு காணாது. ஒன்பது பேரோட நின்னோம். அவங்க பக்கத்துல ரெண்டு பேரு, அப்பனைப் பறிகொடுத்த பயலுக, பதினாறு வயசு கூட ஆகல, கேக்காமலே எங்க பக்கத்துக்கு வந்து நின்னானுக. அவங்க அப்பன் ஆடின இடத்துல ஆடினானுக. எத்தனை கோல் யாரு போட்டான்னு எனக்கு ஓர்மை இல்ல. பொம்பளைங்க எல்லாம் ஒரு வருசத்துக்குப் பொறவு முதல் தடவையா கடப்புறத்துக்கு வந்து உக்காந்து பாத்தாங்க. எங்க அம்மையும் இருந்தா.

நான், "ஆமாம்மா, ஒரு வகையில அது மாதிரிதான். ஜெயிச்சா ஒண்ணும் கிடைக்காது"ன்னேன். "அப்ப களிச்சிட்டு வரட்டும்"னா. "80 நிறையறது 23ஆம் தேதின்னா, அதுக்குப் பொறவும் எனக்கு 80தானே. ஒரு வருசம் இருக்கில்லா?"

கோச்சும் சொல்லிட்டாராம், இவன்தான்னு. அத்தானுக்கு இன்னும் மனசு ஆறல, ஆனா அம்மை வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. அக்காவும் அத்தானும் பையன்கூட மேட்சுக்கு இருந்துட்டு மூணு பேருமா 30ஆம் தேதி வந்து இறங்குறாங்க. பூசையை 31ஆம் தேதிக்கு மாத்திட்டோம். பந்தல்காரன் ஒண்ணும் சொல்லல.

ஹூஸ்டன்_வடசேரி:

அண்ணே, பவுல் மேட்சைப் பத்தி என் அபிப்பிராயம் மாறல. காசுக்காக இத்தனை நடத்தறது தப்புன்னுதான் இப்பவும் சொல்வேன். ஆனா உங்க அம்மையே சொல்லிட்டாங்கன்னா நான் யாரு. எந்த சேனல்னு சொல்லுங்க, 27 ராத்திரி நான் பாக்கறேன். உங்களுக்கு அங்க ஞாயிறு காலையில 6 மணி இருக்கும்.

தூத்தூர்_ஸ்டாப்பர்:

மேட்ச் முடிஞ்சது. கேட்டவங்களுக்காக எழுதறேன்.

அம்மை முதல் பூசையை விட்டுட்டு ரெண்டாம் பூசைக்குப் போறேன்னு அஞ்சரைக்கே என் வீட்டுக்கு வந்துட்டா. அக்கா கேலரியில இருந்து வாட்ஸாப்ல காட்டினா, நான் டிவியில நெட்டைப் போட்டு பெரிய படத்துலயும் வச்சேன். ரெண்டுக்கும் அரை நிமிசம் வித்தியாசம், அதனால ஒவ்வொரு அடியையும் ரெண்டு தடவை பாத்தோம்.

பந்தை எதிர்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போனா டச் டவுன், 6 பாயிண்ட். முதல் டச் டவுனுக்குப் பொறவு ஒரு பாயிண்டுக்கு உள்ள அடி. 20 கெஜம்தான். ஓடி வர்றதுக்கு முன்ன அவன் இடது காலை ரெண்டு தடவை தரையில தேச்சான். மணல்ல ஃப்ரீ கிக் எடுக்கறதுக்கு முன்ன நான் செய்யறது அது. நான் சொல்லிக் குடுத்ததில்ல. பந்து நடுவால போச்சு. ரெண்டாவது கால் பகுதியில 44 கெஜத்துல இருந்து ஒண்ணு, வலது கம்பத்துக்கு வெளிய ஒரு முழம் தள்ளிப் போயிடுச்சு. வெளிய வந்து தனியா நின்னான். அப்ப கூட ஆடுற பெரிய உருவம் ஒருத்தன் வந்து ஹெல்மெட்டுல ரெண்டு தட்டு தட்டிட்டுப் போனான். அம்மை, "அந்தப் பிள்ளை ஆரு?"ன்னு கேட்டா. பந்தைக் கால் இடுக்கு வழியா எறியறவன்னு சொன்னேன். மூணாவதுல 38 கெஜம், அது உள்ள.

31-24ன்னு தோத்துட்டாங்க. அதுல இவன் உள்ள அடிச்சது நாலு, ஒரு பாயிண்ட் அடி மூணும் 3 பாயிண்ட் அடி ஒண்ணுமா மொத்தம் 6 பாயிண்ட். ஸ்டேடியம் முக்காவாசி காலிதான், தம்பி சொன்னது சரி.

மேட்ச் முடிஞ்சதும் அக்கா போனை அவன் கையில குடுத்தா. ஜெர்சியில வலது முழங்கைப் பக்கம் பச்சைக் கறை. கிக்-ஆஃப் அடிச்சுட்டு ஒருத்தனைத் தடுக்கப் போய் விழுந்தானாம். அம்மை தோத்ததைப் பத்தி ஒண்ணும் கேக்கல. "சாப்பிட்டியா மக்கா, எப்ப வருவா?"ன்னா. 30ஆம் தேதி காலையில திருவனந்தபுரத்துல இறங்கறான். கூப்பிட நான்தான் போறேன். பிடி சார், 31ஆம் தேதி பூசைக்கு நீங்க வரணும், குளச்சல் தம்பியையும் கூட்டிட்டு வாங்க. பஸ்ல வந்தா தூத்தூர் காலேஜ் ஸ்டாப்புல இறங்கி போன் பண்ணுங்க, நான் வண்டியோட வர்றேன்.